வரலாற்று வாசகனின் தராசு

நம் இல்லங்களில் மார்க்க நூல்களுக்கு அடுத்தபடியாக விரும்பிப் படிக்கப்படுவன வரலாற்று நூல்களே எனலாம். கலீபாக்களின் ஆட்சி, ஸ்பெயினின் ஏற்றமும் இறக்கமும், சிலுவைப் போர்கள், முகலாயர் காலம் என்றெல்லாம் பொதுமக்களுக்காக எளிய நடையில் எழுதப்பெற்ற நூல்கள் வீட்டுக்கு வீடு கைமாறுகின்றன. படித்தவர் வாளா இருப்பதில்லை. ஒருவர், ‘பொன்னேட்டில் பொறிக்கத்தக்க நூல்’ என்பார். மற்றொருவர், ‘நஞ்சு கலந்த நூல்’ என்பார். சிலர் அவ்வளவில் நில்லாமல் இதழ்களுக்கு மதிப்புரையும் எழுதி விடுக்கின்றனர். இவர்கள் பல்கலைக் கழகத்தில் வரலாறு பயின்று பட்டம் பெற்றவர்கள் அல்லர். பகலில் கடையில் அமர்ந்து கணக்குப் பார்ப்பவர், பள்ளியில் பாடம் சொல்பவர், அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் உறங்கிய பின் விளக்கடியில் நூலை விரிக்கும் இல்லத்தரசி ஆகிய இத்தகையோரே.

இவ்வார்வலர்களுக்கு ஒரு வரலாற்று நூலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி உண்டா? உண்டெனில், அத்தகுதியோடு ஒட்டி வரும் கடமை யாது? இவ்விரு வினாக்களையும் சற்று ஆழ்ந்து நோக்குவது நலம் எனக் கருதுகிறோம். மேற்போக்காகப் பார்ப்பவர்க்கு இது கல்வி பற்றிய வினாவாகத் தோன்றக்கூடும். நமக்கோ இஃது ஒழுக்கம் பற்றிய வினாவாகவே தோன்றுகிறது.

வரலாறு பேசுவது இறந்தோரைப் பற்றி. உயிரோடிருப்பவர் மீது பொய்ப்பழி சுமத்தினால் அவர் மறுப்பார், வழக்காடுவார், ஊராரைக் கூட்டி நியாயம் கேட்பார். கபுறில் உறங்குபவர்க்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்தம் பெயருக்கு நாம் செய்யும் நீதியும் அநீதியும் முழுவதும் நம் கையிலேயே இருக்கின்றன. ஒரு நூலைப் படித்துவிட்டு, ‘இதில் உள்ளது உண்மை, நீங்களும் படியுங்கள்’ என்று ஒருவர் நான்கு பேரிடம் சொல்லும்போது, தம்மை அறியாமலே சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறார். சாட்சி சொல்வதில் நம் மார்க்கம் எத்துணைக் கண்டிப்புடையது என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நமக்கே எதிராக அமைந்தாலும் நீதியின் பக்கம் நிற்குமாறும், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்றும் இறைமறை பணிக்கிறது. இக்கட்டளை நீதிமன்றத்தின் வாசலோடு நின்றுவிடுவதன்று. நூலை விரிக்கும் மேசைக்கும் உரியதே.

முதலில் தகுதியைப் பற்றிப் பார்ப்போம். ‘வரலாறு வல்லுநர்க்கே உரியது, கடைக்காரருக்கும் ஆசிரியருக்கும் அதில் என்ன வேலை?’ என்று கேட்பவர் உண்டு. இவ்வினாவை எழுப்புவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். உலகமே விரும்பிப் படித்த வரலாற்று நூல்கள் பலவற்றை எழுதியவர்களே கல்லூரிப் பேராசிரியர்கள் அல்லர். 1776ஆம் ஆண்டு முதல் 1788ஆம் ஆண்டு வரை ரோமப் பேரரசின் தேய்வையும் வீழ்ச்சியையும் பல தொகுதிகளாக வெளியிட்ட எட்வர்டு கிப்பன் எந்தப் பல்கலைக் கழகத்திலும் பதவி வகித்தவரல்லர். முதல் உலகப் போர் முடிந்தவுடன் உலக வரலாற்றை ஒரே நூலில் சுருக்கி எழுதிய எச். ஜி. வெல்ஸ் ஒரு நாவலாசிரியர். 1934ஆம் ஆண்டில் வெளிவந்த நேருவின் உலக வரலாற்று நூல், சிறையிலிருந்தபடி மகளுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு. எழுதுவோர் ஆர்வலராக இருக்கலாம் எனில், படித்து மதிப்பிடுவோரும் ஆர்வலராக இருப்பதில் தவறில்லை.

எனினும் ஆர்வலரிடம் இல்லாதவை பல. பாப்பிரசு ஏடுகளை அவரால் படிக்க இயலாது. கல்வெட்டின் எழுத்தமைதியைக் கொண்டு காலத்தைக் கணிக்க இயலாது. கிரேக்கமும் சிரியாக்கும் பாரசீகமும் பெரும்பாலும் அவர் அறியார். அவ்வாறாயின் அவர் கையில் எஞ்சியிருப்பது யாது? நம் முன்னோர் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் கூறினால் இது விளங்கும்.

ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில், பக்தாதில், கைபர் யூதர்களின் வழிவந்தோர் என்று கூறிக்கொண்ட சிலர் ஓர் ஆவணத்தைக் கொண்டுவந்து அமைச்சரிடம் நீட்டினர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கைபர் மக்களுக்கு ஜிஸ்யா வரியைத் தள்ளுபடி செய்து எழுதித் தந்த கடிதம் அது என்றும், நபித்தோழர்கள் அதற்குச் சாட்சிகளாக இருக்கின்றனர் என்றும் அவர்கள் கூறினர். அமைச்சர் அதனை வரலாற்றறிஞரும் ஹதீஸ் கலை வல்லுநருமான கதீப் அல்-பக்தாதீ (ரஹ்) அவர்களிடம் காட்டினார். கதீப் அதனைப் பார்த்த மாத்திரத்தில் போலி என்றார். காரணம் கேட்டபோது அவர் மையையோ தோலையோ ஆராயவில்லை. சாட்சிகளின் பெயர்களை மட்டுமே சுட்டிக் காட்டினார். ஒருவர் முஆவியா (ரலி). அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியது ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, மக்கா வெற்றியின்போது. கைபர் வெற்றி கொள்ளப்பட்டதோ ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு. மற்றொருவர் ஸஅத் இப்னு முஆத் (ரலி). அவர்கள் ஹிஜ்ரி 5ஆம் ஆண்டிலேயே, கைபருக்கு இரண்டாண்டுகள் முன்னதாகவே, மறைந்துவிட்டவர்கள். இறந்தவர் எவ்வாறு சாட்சியிட முடியும்?

கதீப் பேரறிஞர், ஐயமில்லை. ஆனால் அவர் அன்று கையாண்ட கருவி எளியது. மூன்று ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார், அவ்வளவே. இக்கருவி நம் ஒவ்வொருவருக்கும் எட்டக்கூடியது. ‘இதைச் சொன்னவர் யார்? நிகழ்ச்சி நடந்து எத்தனை ஆண்டுகளுக்குப் பின் சொன்னார்? அவருக்கு யார் சொன்னார்?’ என்னும் மூன்று வினாக்களுக்குப் பட்டம் தேவையில்லை. ஹதீஸ் கலையில் ஸனது என்று நாம் ஓதும் அறிவிப்பாளர் தொடரின் உயிர்நாடியே இம்மூன்று வினாக்கள்தாம்.

நான்காவதாக ஒரு வினாவைச் சேர்த்தவர் இப்னு கல்தூன். 1377ஆம் ஆண்டில் எழுதி முடித்த தம் முகத்திமாவில், ‘இது நடந்திருக்கக் கூடியதா?’ என்று கேட்குமாறு அவர் கற்பித்தார். பாலைவனத்தில் மூஸா (அலை) அவர்களுடன் சென்றோரில் போர் புரியும் வயதினர் மட்டும் 6 இலட்சம் பேர் என வரலாற்றாசிரியர் பலர் எழுதி வைத்ததை அவர் எடுத்துக் கொள்கிறார். யஃகூப் (அலை) அவர்களுக்கும் மூஸா (அலை) அவர்களுக்கும் இடைப்பட்டவை நான்கே தலைமுறைகள். அதற்குள் ஒரு குடும்பம் இத்தனை இலட்சமாகப் பெருகுமா? அத்துணைப் பெரும்படை அணிவகுத்தால் ஒரு முனையில் நடப்பது மறு முனைக்குத் தெரியுமா? இவ்வாறு கேட்டு அவ்வெண்ணிக்கையை அவர் தள்ளுகிறார். இதற்கும் பட்டறிவு போதும், பட்டம் வேண்டா.

ஆகவே தகுதி உண்டு என்பதே நம் விடை. இனிக் கடமையைப் பார்ப்போம். வரலாற்றில் பொய் நுழையும் வாயில்களைப் பட்டியலிடும்போது இப்னு கல்தூன் முதலாவதாகக் கூறுவது அறியாமையை அன்று, சார்பை. மனம் ஒரு கொள்கையின் பக்கமோ ஒரு கூட்டத்தாரின் பக்கமோ சாய்ந்துவிட்டால், தனக்கு இசைவான செய்தியைக் கேட்ட அக்கணமே ஏற்றுக்கொள்கிறது. ஆராய்ச்சிக் கண் மூடிக்கொள்கிறது. நம் வினாக்களை எல்லாம் நாம் அறிந்திருந்தும், எந்தச் செய்தியிடம் கேட்கிறோம், எந்தச் செய்தியிடம் கேளாமல் விடுகிறோம் என்பதிலேதான் நம் நேர்மை வெளிப்படுகிறது. இதனை இரண்டு கதைகளைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். ஒன்று நம்மைப் புண்படுத்தும் கதை. மற்றொன்று நம்மை மகிழ்விக்கும் கதை.

புண்படுத்தும் கதை யாவரும் அறிந்தது. 642ஆம் ஆண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரம் தளபதி அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் வசமாயிற்று. யஹ்யா என்னும் இலக்கண அறிஞர் அங்கிருந்த பெரும் நூலகத்தைத் தமக்குத் தருமாறு கேட்டாராம். அம்ரு (ரலி) அவர்கள் கலீபா உமர் (ரலி) அவர்களுக்கு எழுதினார்களாம். இறைவேதத்தோடு ஒத்தவையாயின் அந்நூல்கள் தேவையில்லை, முரண்பட்டவையாயின் தீங்கானவை, ஆகவே அழித்துவிடுக என்று விடை வந்ததாம். நகரின் 4,000 குளியலறைகளுக்கு நூல்கள் விறகாகப் பங்கிடப்பட்டு, ஆறு மாதங்கள் எரிந்தனவாம்.

இக்கதையைத் தாங்கிய நூல் கையில் கிடைத்தால் நம் வாசகர் என்ன செய்கிறார்? உடனே தம் வினாக்களை எல்லாம் கூர்தீட்டி எடுத்து வருகிறார். ‘சொன்னவர் யார்?’ என்கிறார். விடை வலுவாகவே கிடைக்கிறது. இக்கதை முதலில் தலைகாட்டுவது 1200ஆம் ஆண்டை ஒட்டி எகிப்துக்குச் சென்ற அப்துல் லதீஃப் அல்-பக்தாதீயின் நூலில். பின்னர் 1248ஆம் ஆண்டில் மறைந்த இப்னுல் கிஃப்தீ விரித்து எழுதினார். அவருக்குப் பின் சிரியாக் கிறிஸ்தவ அறிஞர் பார் ஹெப்ரேயஸ் எழுதினார். 1663ஆம் ஆண்டில் இலத்தீன் மொழிபெயர்ப்போடு போகாக் என்பவர் அதனை வெளியிட்ட பின் ஐரோப்பா எங்கும் பரவிற்று. நிகழ்ச்சிக்கும் முதற் குறிப்புக்கும் இடையே ஏறத்தாழ 560 ஆண்டுகள்! அதே 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நிகியூ நகரத்து ஆயர் யோவான் அரபுகளின் படையெடுப்பைக் கசப்போடு எழுதியவர். அவர் நூலில் இச்செய்தி இல்லை. 10ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவத் தலைமைக் குருவாகவே இருந்த யூத்திக்கியஸ் எழுதிய வரலாற்றிலும் இல்லை.

‘நடக்கக் கூடியதா?’ என்கிறார். கதையில் வரும் யஹ்யா 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். நகரம் வீழ்ந்த ஆண்டில் அவர் உயிரோடிருந்தால் ஏறத்தாழ 150 வயதினராக இருந்திருப்பார். நூலகத்தின் ஒரு பகுதி கி.மு. 48இல் ஜூலியஸ் சீசரின் போரின்போதே எரிந்தது என்பர்; நூல்கள் இருந்த செராப்பியம் கோவில் கி.பி. 391இல் தகர்க்கப்பட்டது. மேலும் நகரம் உடன்படிக்கையின் வழியே கைமாறிற்று. வெளியேற விரும்பியவர்கள் தம் உடைமைகளைக் கடல்வழியே கொண்டு செல்ல மாதக் கணக்கில் தவணை இருந்தது. இக்காரணங்களை எல்லாம் 1902ஆம் ஆண்டில் ஆல்பிரட் பட்லர் என்னும் ஆங்கில அறிஞர் தொகுத்து எழுதினார். அவருக்கு முன்னரே, அரபு மொழி அறியாத கிப்பன், பழைய ஆசிரியர்களின் மௌனத்தைச் சான்றாகக் கொண்டு இக்கதையை நம்ப மறுத்தார் என்பது ஆர்வலர்களாகிய நமக்கு ஊக்கமளிக்கும் செய்தி.

இதுவரை மகிழ்ச்சியே. ஆனால் நம் வாசகர் பலரும் இவ்விடத்தில் மேலும் ஓரடி எடுத்து வைத்து, ‘இது கிறிஸ்தவர்கள் நம்மீது புனைந்த பழி’ என்று முடித்துவிடுகின்றனர். இங்கேதான் தராசு சாய்கிறது. முதலில் எழுதிய அப்துல் லதீஃபும் இப்னுல் கிஃப்தீயும் முஸ்லிம்கள். மறுத்த கிப்பனும் பட்லரும் முஸ்லிம்கள் அல்லர். இன்னும் ஒன்று: இதே விடையைப் பாரசீக நூல்களைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு எழுதியதாகவும், நூல்கள் தண்ணீரில் எறியப்பட்டதாகவும் சொல்பவர் வேறு யாருமல்லர், நமக்கு வினாக் கேட்கக் கற்பித்த இப்னு கல்தூனே! அச்செய்திக்கு அவர் அறிவிப்பாளர் தொடர் எதனையும் காட்டவில்லை. ஒரே விடை ஓரிடத்தில் நெருப்போடும் மற்றோரிடத்தில் நீரோடும் ஒட்டிக்கொண்டிருப்பதே, இஃது ஊர் ஊராக அலையும் கதை என்பதற்கு நல்ல அடையாளம். எனவே நாம் நேர்மையாகச் சொல்லத்தக்கது இவ்வளவே: கதைக்கு ஆதாரம் இல்லை. பழியைப் பிறர் தலையில் ஏற்றுவதற்கும் ஆதாரம் இல்லை.

இனி மகிழ்விக்கும் கதைக்கு வருவோம். 711ஆம் ஆண்டில் தாரிக் இப்னு ஸியாத் கடலைக் கடந்து ஸ்பெயின் கரையில் இறங்கினார். இறங்கியதும் தம் கப்பல்களை எல்லாம் கொளுத்திவிட்டு, முன்னே பகைவர், பின்னே கடல் என்று படையினரிடம் முழங்கினார் என்பது நம் மேடைகளிலும் பாடநூல்களிலும் குழந்தைகளுக்கான கதைகளிலும் இடம்பெறும் செய்தி. இதைக் கேட்டு மயிர்க்கூச்செறியாதவர் யார்? ஆனால் முந்தைய கதையிடம் கேட்ட அதே வினாக்களை இதனிடமும் கேட்க வேண்டாமா?

கேட்டால் கிடைப்பது இது. ஸ்பெயின் வெற்றியைப் பற்றி எழுதிய பழைய ஆசிரியர்களில் ஒருவர், 871ஆம் ஆண்டில் மறைந்த இப்னு அப்தில் ஹகம். கப்பல் எரிப்பு அவர் நூலில் இல்லை. அவர் கூறுவது, யூலியான் என்னும் கரையோரத் தலைவன் தன் கப்பல்களில் படையினரைச் சிறுசிறு கூட்டமாக ஏற்றி அக்கரை சேர்த்தான் என்பதே. இரவல் கப்பல்கள்; போய்ப் போய்த் திரும்ப வேண்டியவை. அவற்றைக் கொளுத்துவது எங்ஙனம்? எரித்ததாகச் சொல்பவர் புவியியலறிஞர் இத்ரீஸீ. அவர் தம் நூலை முடித்தது 1154ஆம் ஆண்டில். இடைவெளி 440 ஆண்டுகளுக்கும் மேல். ‘நடக்கக் கூடியதா?’ என்னும் வினாவும் இங்கே இடறுகிறது. படையினரில் பெரும்பாலோர் பெர்பர் இனத்தவர். நம் நூல்களில் காணப்படும் அணிநயம் மிக்க அரபு உரையை அவர்களில் எத்தனை பேர் விளங்கியிருப்பர்? இக்கதையும் அலைந்து திரிவதே. கி.மு. 310இல் சிசிலியின் அகத்தோக்ளிஸ் ஆப்பிரிக்கக் கரையில் இறங்கித் தம் கப்பல்களைக் கொளுத்தினார் என்று கிரேக்கர் எழுதியுள்ளனர். 1519ஆம் ஆண்டில் மெக்சிகோவில் இறங்கிய கோர்தேஸ் தம் கப்பல்களைச் செயலிழக்கச் செய்து மூழ்கடித்தார். மக்கள் வாயில் அதுவும் ‘எரித்தார்’ என்றே மாறிவிட்டது.

560 ஆண்டு இடைவெளியைக் காட்டி ஒரு கதையைத் தள்ளியவர், 440 ஆண்டு இடைவெளியுள்ள மற்றொன்றைக் கைதட்டி ஏற்பாராயின், அவர் கையிலிருப்பது தராசன்று. வாங்கும்போது ஒரு படிக்கல், விற்கும்போது ஒரு படிக்கல் வைத்திருக்கும் வணிகரைப் பற்றி இறைமறை எத்துணைக் கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நாம் அறிவோம். அளவையில் மோசடி தானியத்தில் மட்டும் நிகழ்வதில்லை.

இதனை ஒருமுறை பாடவேளையில் சொன்னபோது மாணவர் ஒருவர் எழுந்து, “உஸ்தாத், அப்படியானால் தாரிக்கின் வெற்றியும் பொய்தானா?” என்று கேட்டார். அவர் குரலில் வருத்தம் தெரிந்தது. இல்லை என்று நாம் விடையளித்தோம். தாரிக் கடந்தது உண்மை. ஜிப்ரால்ட்டர் என்னும் பெயரில் ‘ஜபல் தாரிக்’ - தாரிக்கின் மலை - இன்றும் நிற்பது உண்மை. அரசன் ரொடெரிக் தோற்றது உண்மை. ஒரு சிறிய படை ஓர் அரசையே வீழ்த்தியது உண்மை. இத்தனை உண்மைகள் இருக்க, எரிந்த கப்பல் எதற்கு? வரலாறு தானே ஒளி வீசும் இடத்தில் நாம் வேறு பந்தம் கொளுத்த வேண்டியதில்லை.

நம் கரைக்கு அருகிலேயே இந்நேர்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் பொன்னானியில் வாழ்ந்த ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள், போர்ச்சுக்கீசியர் மலபாரில் இழைத்த கொடுமைகளை விவரித்து ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ என்னும் அரபு நூலை இயற்றினார்கள். அவர்தம் முன்னோர் மஅபர் என்று அரபுகள் அழைத்த நம் கடற்கரையிலிருந்து சென்றவர்கள் என்பர். சேரமான் பெருமாள் இஸ்லாத்தைத் தழுவிய கதையை அவர்களும் எழுதுகிறார்கள். ஆனால் அது நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே நிகழ்ந்தது என்றும், சந்திரன் பிளந்ததைக் கண்டு மன்னர் புறப்பட்டார் என்றும் மலபார் முஸ்லிம்கள் நம்பி வந்ததை அவர்கள் ஏற்கவில்லை. ஹிஜ்ரி 200 ஆண்டுகளுக்குப் பின்னரே அது நிகழ்ந்திருக்கக்கூடும் என்று எழுதிவைத்தார்கள்.

இதனைச் சிந்தித்துப் பாருங்கள். பகைவன் பீரங்கியோடு கரையில் நிற்கும் காலம். சமுதாயத்தை ஒன்று திரட்டுவதற்கே அந்நூல் எழுதப்படுகிறது. தம் மக்களின் உள்ளத்தை உயர்த்தும் இத்தகைய செய்தியை அப்படியே விட்டுவைத்திருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அத்தகைய வேளையிலும் அவ்வாலிமுடைய எழுதுகோல் வளையவில்லை. போர்ச்சுக்கீசியரைப் பற்றி அவர்கள் எழுதியவற்றை நாம் நம்புவதற்கு இதுவே காரணமாகிறது. தமக்கு உவப்பானதையும் சோதித்தவர், பிறர்மேல் குற்றம் சாட்டும்போது சோதியாமல் சாட்டியிருக்கமாட்டார் என்னும் நம்பிக்கை பிறக்கிறது.

‘கதையாயினும் இளைஞர்க்கு வீரம் ஊட்டுகிறதே, அதில் என்ன கேடு?’ என்று கேட்கும் பெரியோர் உள்ளனர். அவர்களுடைய நோக்கம் தூயது. ஆயினும் இரு கேடுகளை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, இளைஞன் என்றோ ஒருநாள் வேறு நூலைப் படிப்பான். கப்பல் எரியவில்லை என்று அவனுக்குத் தெரியவரும். அன்று அவன் ஐயுறுவது கப்பலை மட்டுமன்று. அக்கதையைச் சொல்லித் தந்த தந்தையையும் உஸ்தாதையும் ஐயுறுவான். இரண்டாவது கேடு இதனினும் பெரிது. நம் பெருமைக்காகப் பொய் சொல்வது ஆகும் எனில், நம் சிறுமைக்காகப் பிறர் பொய் சொல்வதை எந்த வாயால் தடுப்போம்? மக்கள் பலர் கலந்து வாழும் இந்நாட்டில், என்றோ இறந்த மன்னர்களின் பெயரால் இன்று வாழும் அண்டை வீட்டார் மீது பகை மூட்டும் நூல்கள் உண்டு. ஏட்டில் எழுதிய பழி தெருவில் கல்லாக வந்து விழுவதை நாம் அறிவோம். அந்நாளில் நம்மைக் காக்கக்கூடியது ‘சான்று காட்டுக’ என்னும் ஒரு சொல்லே. எல்லாக் காலத்திலும் எல்லார்க்கும் அச்சொல்லைச் சொல்லி வந்தவரிடமிருந்து வந்தால்தான் அதற்கு மதிப்பு உண்டு.

இன்னும் ஒரு நுட்பமான இடர் உண்டு. அலெக்சாந்திரியாக் கதை ஏன் தோன்றிற்று என்பதற்குப் பெர்னார்ட் லூயிஸ் என்னும் வரலாற்றாசிரியர் ஒரு காரணம் கூறினார். 1171ஆம் ஆண்டில் எகிப்தில் பாத்திமியர் ஆட்சி முடிந்தபின் சுல்தான் ஸலாஹுத்தீன் அவர்களின் நூற்களஞ்சியத்தைக் கலைத்து விற்றார். அச்செயலுக்கு முன்மாதிரி காட்டவே உமர் (ரலி) அவர்கள் பெயரால் இக்கதை எழுந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. அழகான ஊகம், ஆனால் ஊகமே. ஆர்வலர் இத்தகைய ஊகத்தைப் படித்ததும் ‘இதோ, உண்மை வெளிப்பட்டுவிட்டது’ என்று எழுதிவிடுகிறார். பழைய கதையை விரட்டிய இடத்தில் புதிய கதையைக் குடியமர்த்துகிறார். ‘சான்று’, ‘ஊகம்’, ‘வழக்கு’ ஆகிய மூன்றையும் மூன்று பெட்டிகளில் வைத்திருப்பது மதிப்புரையாளரின் முதற்பாடம்.

இறுதியாக, எழுதியவரை நடத்தும் முறை. நூலின் பிழையை எடுத்துக்காட்டுவது புறம் பேசுதல் ஆகாதா என்று பேணுதலுள்ள உள்ளங்கள் அஞ்சுவதுண்டு. இவ்வச்சம் புதிதன்று. அறிவிப்பாளர்களின் குறைகளை ஹதீஸ் அறிஞர்கள் எடுத்துரைத்தபோது, ஸூஃபி ஒருவர் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களிடம் இதே ஆட்சேபத்தை எழுப்பினார். இது புறமன்று, மக்களுக்குச் செய்யும் நன்னோக்கம் என்று இமாமவர்கள் தெளிவுபடுத்தினார்கள். ஆனால் அவ்வுரிமைக்கு எல்லை உண்டு. இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் நம்பத்தகாத அறிவிப்பாளரைக் குறிக்கும்போதும் ‘பொய்யன்’ என்னும் சொல்லைப் பெரும்பாலும் தவிர்த்து, ‘இவரில் ஆராய்தற்கு இடமுண்டு’ என்னும் பொருள்படும் மென்சொற்களையே ஆண்டார்கள். தேவைக்கு மேல் ஒரு சொல்லும் கூடாது என்பதே அவர்கள் காட்டிய நெறி.

இந்நெறியை நம் வாசகர்க்கும் பொருத்திச் சொல்லலாம். நூலை முழுதும் படித்த பின்னரே வாய் திறவுங்கள். ஆசிரியரின் ஊரையும் மார்க்கத்தையும் பார்த்து அவரைத் தள்ளவோ கொள்ளவோ செய்யாதீர்கள். அவர் காட்டும் சான்றைப் பாருங்கள். பிழை கண்டால் பக்கத்தைச் சுட்டி, பிழையை மட்டும் கூறுங்கள், உள்நோக்கம் கற்பிக்காதீர்கள். உங்கள் உள்ளம் ‘அப்படிச் சொல்லு!’ என்று துள்ளும் பக்கத்தில் ஓர் அடையாளம் வைத்து, மறுநாள் அதனை மீண்டும் படியுங்கள். நாம் ஏமாறுவது பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேதான். பிறர் புகழப்படும் இடத்தில் அப்புகழ் உண்மையாயின், அதனையும் உங்கள் மதிப்புரையில் தயங்காமல் எழுதுங்கள்.

வல்லுநர் ஆவது எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அதற்கு மொழிகளும் ஓய்வும் நூலகங்களும் தேவை. சமநிலை தவறாத சாட்சியாக இருப்பதற்கு இவற்றுள் ஒன்றும் தேவையில்லை. கடையில் தராசைப் பிடிக்கும் கை ஒன்று. நூலைப் பிடிக்கும் கை வேறொன்று அன்று. தமக்காகப் பேச இயலாத இறந்தோரின் மானத்தை இறைவன் உயிரோடிருப்போர் கையில் ஒப்படைத்திருக்கிறான். நண்பராயினும் பகைவராயினும் அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய அமானிதம் அது. அதனைக் குறைவின்றிச் செலுத்தும் மனவலிமையை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக!